திரையில் எழுத்து மங்கலா, கரடுமுரடா? டெஸ்க்டாப் செயலிகளில் எழுத்தைச் சீராக்க முழுமையான வழிகாட்டி

எழுத்து பார்க்கச் சரியில்லை என்றதும் பெரும்பாலானோர் நேராக ஆன்டி-அலையாசிங், அதாவது எழுத்தின் ஓரங்களை மென்மையாக்கும் அமைப்பைத் தேடிப் போகிறார்கள். அங்கே எதைத் தட்டினாலும் பலன் தெரிவதில்லை. காரணம் எளிது. கோளாறு பல சமயம் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது: கேபிளில், ரெசல்யூஷனில் (திரைப் புள்ளிகளின் எண்ணிக்கை), அல்லது ஸ்கேலிங்கில் (எழுத்தையும் பொத்தான்களையும் பெரிதாக்கும் விகிதம்). ஏற்கெனவே இழுத்துப் பெரிதாக்கப்பட்ட படத்தை எந்த மென்மையாக்கமும் கூர்மையாக்காது.

ஆகவே இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். திரையிலிருந்து தொடங்கி ஸ்கேலிங், மென்மையாக்கும் முறை, எழுத்துரு அளவு, கடைசியாகத் தனித்தனிச் செயலி என்று போக வேண்டும். இடையில் ஒரு படியைத் தாண்டினால் பின்னால் செய்வதெல்லாம் வீண்.

1. தொடங்கும் முன்

ஒரு சோதனைக் கோப்பைத் தயார் செய்யுங்கள். அதில் ண, ஞ, ஜ, ஷ, ணை, நூ, ஸ்ரீ போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகளும், புள்ளி வைத்த மெய்கள் அடுத்தடுத்து வரும் ஒரு பத்தியும் இருக்கட்டும். சின்ன அளவில் முதலில் அடைபடுவது சுழி. முதலில் மறைவது புள்ளி. கூடவே சிறிய எல், ஐ, எம் எழுத்துகள் வரும் ஓர் ஆங்கில வரியும் தேவை. நேர்க்கோடு எப்படி விழுகிறது என்பதை அதில்தான் பார்க்க முடியும்.

திரையின் இயல்பு ரெசல்யூஷன், அதன் மூலைவிட்ட அளவு, கணினியுடன் எந்தக் கேபிளில் இணைந்திருக்கிறது ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைய அமைப்புகளை ஒரு தாளில் எழுதிவையுங்கள். பத்து மாற்றம் செய்த பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வழி தெரியாமல் நிற்பவர்களே அதிகம்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு செயலியை முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும். ஸ்கேலிங்கை மாற்றியிருந்தால் லாக்-அவுட் செய்து உள்ளே வர வேண்டும். பல செயலிகள் இந்த மதிப்புகளைத் தொடங்கும்போது ஒரு தடவைதான் படிக்கின்றன. அதனால்தான் சரியான அமைப்பைக்கூட "வேலை செய்யவில்லை" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

2. கோளாறின் வகையைப் பிரித்தறிதல்

கண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். பிரச்சினை தெரியும் சாளரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயின்ட் போன்ற ஒரு படச் செயலியில் 800% பெரிதாக்குங்கள். திரைப் புள்ளிகள் (பிக்சல்கள்) சதுரம் சதுரமாகவே தெரிய வேண்டும். புகைப்படம் பார்க்கும் செயலிகள் இதற்கு உதவாது. பெரிதாக்கும்போது அவையே படத்தைக் குழைத்துக் காட்டும்.

எழுத்தின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே இருந்து, வளைவுகள் படிக்கட்டாகத் தெரிந்தால், மென்மையாக்கம் அணைந்திருக்கிறது.

ஓரத்தில் சாம்பல் புள்ளிகள் இருந்தால் சாம்பல்முறை மென்மையாக்கம் நடக்கிறது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தின் இடது ஓரம் சிவப்பாகவும் வலது ஓரம் நீலமாகவும் இருந்தால், அது சிவப்பு-பச்சை-நீலம் வரிசையிலான சப்பிக்சல் முறை (விளக்கம் ஐந்தாம் படியில்). இடது நீலமாகவும் வலது சிவப்பாகவும் இருந்தால் வரிசை தலைகீழ். இவை எதுவும் தம்மளவில் கோளாறு அல்ல; உங்கள் திரைக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

எழுத்து மட்டுமல்லாமல் ஐகான்கள், பொத்தான்களின் நேர்க்கோட்டு ஓரங்கள் எல்லாமே ஒரே மாதிரி குழைந்திருந்தால், அந்தச் சாளரம் ஒரு படமாக இழுத்துப் பெரிதாக்கப்படுகிறது. நான்காம் படிக்குப் போங்கள். எழுத்துரு அமைப்பைத் தொடவே வேண்டாம்.

ஸ்கிரீன்ஷாட்டில் புள்ளிகள் சுத்தமாக இருந்து, நேரில் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், சமிக்ஞை கணினியை விட்டு வெளியே வந்த பிறகு கெடுகிறது. அது அடுத்த படி.

3. திரையும் கேபிளும்

இயங்குதளத்தின் டிஸ்பிளே அமைப்பில் ரெசல்யூஷன் இயல்பு அளவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது என்பதற்காக ரெசல்யூஷனைக் குறைப்பது மிகப் பரவலான தவறு. 1920×1080 புள்ளிகள் கொண்ட திரைக்கு 1600×900 அனுப்பினால், ஒவ்வொரு புள்ளியும் 1.2 புள்ளிகளாகப் பரவ வேண்டும். அப்படிப் பரப்பும் வேலையைத் திரையே செய்கிறது. எழுத்தின் ஓரம் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் சிக்கிச் சாம்பலாகிறது. எழுத்தைப் பெரிதாக்க ஸ்கேலிங் இருக்கிறது, ரெசல்யூஷன் அதற்கல்ல.

விஜிஏ கேபிளாக இருந்தால் திரையின் மெனுவில் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' ஒரு தடவை ஓட்டுங்கள். முடிந்தால் டிஜிட்டல் இணைப்புக்கு மாறிவிடுங்கள்.

திரையின் ஷார்ப்னஸ் மதிப்பு நடுநிலையில் இருக்க வேண்டும். அது கூடினால் கறுப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு ஒன்று ஒளிரும். அது கூர்மை போலத் தோன்றினாலும் அரை மணி நேரம் வாசித்தால் கண் வலிக்கும்.

டிவியைக் கணினித் திரையாகப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பல டிவிகள் நிறத் தகவலைப் பாதி ரெசல்யூஷனில்தான் வாங்குகின்றன. 4:2:0, 4:2:2 என்று எழுதப்படுவது இதுதான். கறுப்பு எழுத்து ஓரளவு தெளிவாகத் தெரியும், ஆனால் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து கரைந்துபோகும். உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினாலே பல டிவிகள் 4:4:4 நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் வரைகலை இயக்கியின் அமைப்பிலும் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே திரையை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 4:2:0 தவிர வேறு வழியில்லை. 4:4:4 வேண்டுமென்றால் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். எச்டிஎம்ஐ 2.0 இருந்தால் 60 ஹெர்ட்ஸிலேயே 8 பிட் நிறத்துடன் 4:4:4 கிடைக்கும். டிவியின் ஓவர்ஸ்கேனையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது படத்தின் ஓரங்களை வெட்டி மீதியை இழுக்கிறது. அதனால் எந்தப் புள்ளியும் தன் இடத்தில் விழாது.

4. ஸ்கேலிங்

முதலில் திரையின் அடர்த்தியைக் கணக்கிடுங்கள். அகலத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அங்குலத்தால் வகுக்க வேண்டும். 24 அங்குல 1920×1080 திரைக்கு அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள் வரும். 27 அங்குல 2560×1440 திரைக்கு 109, அதே அளவில் 3840×2160 திரைக்கு 163.

110 வரை 100% போதும். 160 பக்கம் இருந்தால் 150%. 200-ஐத் தாண்டினால் 200%. உட்காரும் தூரத்தைப் பொறுத்து ஒரு படி கூட்டலாம், குறைக்கலாம். 100%, 200% ஆகிய முழு மடங்குகளில் எந்தச் செயலியும் அதிகம் தடுமாறாது. 125%, 150% வரும்போதுதான் பழைய செயலிகள் மங்குகின்றன. விண்டோஸில் 'கஸ்டம் ஸ்கேலிங்' பெட்டியில் 110, 115 என்று சொந்த எண்களைப் போடுவதைத் தவிருங்கள். அந்த ஒரே எண் எல்லாத் திரைகளுக்கும் அமலாகிவிடும், செயலிகளின் பொத்தான்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

விண்டோஸில் ஒரே ஒரு பழைய செயலி மட்டும் மங்கலாக இருந்தால், அதன் நிரல் கோப்பில் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி', 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று போங்கள். கடைசியில் உள்ள 'ஓவர்ரைட்' பெட்டியைத் தேர்ந்தெடுத்து, முதலில் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' வைத்துப் பாருங்கள். ஜிடிஐ என்னும் விண்டோஸின் பழைய வரையும் முறையைப் பயன்படுத்தும் செயலிகளில் இது எழுத்தை மறுபடி கூர்மையாக வரைந்து தருகிறது. சாளரம் குலைந்தால் 'அப்ளிகேஷன்' என்று மாற்றுங்கள். எழுத்து கூர்மையாகும், ஆனால் மிகச் சின்னதாகவும் ஆகலாம். எது பரவாயில்லை என்பது அந்தச் செயலியைப் பொறுத்தது.

இரண்டு திரைகள் வெவ்வேறு ஸ்கேலிங்கில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மிகப் பழையவையும் புதியவையும் அல்லாத இடைக்காலச் செயலிகள் பல, லாக்-இன் செய்த நேரத்தில் முதன்மைத் திரைக்கு இருந்த ஸ்கேலிங்கையே பிடித்துக்கொள்கின்றன. இன்னொரு திரைக்கு இழுத்துப் போனதும் மங்குகின்றன. அந்தச் செயலியை எந்தத் திரையில் அதிகம் பயன்படுத்துகிறீர்களோ அதையே முதன்மையாக்கி, லாக்-அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

லினக்ஸில் வேலண்ட் என்னும் புதிய திரைவரைவு முறையின் மேல் பின்ன ஸ்கேலிங் (125% போன்றவை) வைத்திருந்தால், எக்ஸ்11 என்னும் பழைய முறைக்கு எழுதிய செயலிகள் எக்ஸ்வேலண்ட் என்னும் இடைப்பாலம் வழியாக வந்து மங்குகின்றன. கேடிஇ பிளாஸ்மாவில் டிஸ்பிளே அமைப்பிலேயே இதற்கு ஒரு தேர்வு உண்டு: பழைய செயலிகள் தாமே அளவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுங்கள். 125% அளவுக்கு எழுத்து மட்டும் பெரிதானால் போதும் என்றால் அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஸ்கேலிங்கை 100%-லேயே விட்டுவிட்டு, க்னோம் ட்வீக்ஸில் எழுத்தின் ஸ்கேலிங் ஃபேக்டரை 1.25 ஆக்குங்கள். எக்ஸ்11 மேல் கேடிஇ ஓட்டினால் எழுத்துரு டிபிஐயை (அங்குலத்துக்கான புள்ளிகள்; 100% என்றால் 96) 120 ஆக வையுங்கள். எழுத்து புதிய அளவில் புதிதாக வரையப்படுகிறது, எதுவும் இழுக்கப்படுவதில்லை.

5. சாம்பல்முறையா, சப்பிக்சலா?

சாதாரண எல்சிடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பக்கம்பக்கமாக நிற்கும் மூன்று செங்குத்துப் பட்டைகள். சப்பிக்சல் முறை இந்தப் பட்டைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கி, கிடைமட்டத்தில் மூன்று மடங்கு நுணுக்கத்தைக் கொண்டுவருகிறது. விலை: ஓரங்களில் மெல்லிய நிறச் சாயல்.

பட்டைகள் எதிர்பார்த்த வரிசையில் இல்லாவிட்டால் இந்த முறை நன்மைக்குப் பதிலாகத் தீமை செய்கிறது. திரையைச் செங்குத்தாகத் திருப்பி வைத்திருந்தால் பட்டைகள் கிடைமட்டமாகிவிடும். ஓஎல்இடி திரைகள் பலவற்றில் அமைப்பே வேறு. சிலவற்றில் பட்டைகள் முக்கோணமாக நிற்கின்றன, சிலவற்றில் வெள்ளைப் பட்டை ஒன்று கூடுதலாக உண்டு. இந்த இரண்டு நிலைகளிலும் சாம்பல்முறையே சரி. திருப்பிய திரைக்கு மட்டும் லினக்ஸில் செங்குத்து வரிசைகளைச் சோதித்துப் பார்க்கலாம்.

அடர்த்தி 100 பக்கம் உள்ள எல்சிடிக்குச் சப்பிக்சல் கண்ணுக்குத் தெரியும் நன்மை. 160-ஐத் தாண்டினால் வேறுபாடு மிகக் குறைவு. அங்கே சாம்பல்முறையைத் தேர்ந்தெடுத்து நிறத் தொல்லையிலிருந்து விடுபடுவதே நல்லது.

6. விண்டோஸ் அமைப்பு

முதலில் 'பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ்' சாளரத்தைத் திறந்து, 'ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்' பெட்டி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். கணினியின் வேகத்தைக் கூட்டுவதாக நினைத்து 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' அழுத்தினால் இந்தப் பெட்டியும் சேர்ந்தே காலியாகிவிடும். மொத்தக் கணினியிலும் எழுத்து படிக்கட்டாகத் தெரிவதற்கு இதுவே முதல் காரணம்.

பிறகு தேடல் பெட்டியில் 'கிளியர்டைப்' (விண்டோஸின் சப்பிக்சல் முறைக்குப் பெயர்) என்று தட்டி டியூனரைத் திறங்கள். இயல்பு ரெசல்யூஷனைச் சரிபார்த்துவிட்டு ஐந்து பக்கங்களில் மாதிரிகளைக் காட்டும். முதல் பக்கத்தில் கவனமாக இருங்கள். பட்டை வரிசை அங்கேதான் முடிவாகிறது. அங்கே தவறினால் மற்ற நான்கு பக்கங்களில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் நிறச் சாயல் போகாது. பின்வரும் பக்கங்கள் எழுத்தின் கனத்தையும் மாறுபாட்டையும் பற்றியவை. விண்டோஸ் உள்ளே வைத்திருக்கும் மாறுபாட்டு எண் 1000 முதல் 2200 வரை போகும். இயல்பு மதிப்பு 1400. மாதிரிகளை மூக்கு முட்டப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து பாருங்கள். கிட்டத்தில் கூர்மையாகத் தெரிவது தூரத்தில் மெலிந்து தெரியும். இரண்டு திரைகள் இருந்தால் டியூனர் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்கும். இரண்டையும் செய்யுங்கள்.

டியூனரை எத்தனை முறை ஓட்டினாலும் மாறாத இடங்கள் உண்டு. வேர்ட் 2013 முதல் சாம்பல்முறைக்கு மாறிவிட்டது. யூடபிள்யூபி என்னும் புதிய வகை விண்டோஸ் செயலிகளும் அப்படித்தான். இவற்றில் நிறச் சாயல் இல்லை என்பதைக் கோளாறாக எண்ணி மணிக்கணக்கில் தேட வேண்டாம்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு குறிப்பு. பழைய ஜிடிஐ முறையில் கிளியர்டைப் கிடைமட்டத்தில் மட்டுமே மென்மையாக்குகிறது. அதனால் பெரிய அளவில் ண, ஞ எழுத்துகளின் மேல்வளைவு படிக்கட்டாகவே நிற்கும். டைரக்ட்ரைட் முறையில் வரையும் புதிய செயலிகளில் செங்குத்திலும் மென்மையாக்கம் உண்டு. ஒரே எழுத்துரு இரண்டு செயலிகளில் இரண்டு விதமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். அமைப்பில் திருத்த ஒன்றும் இல்லை.

7. லினக்ஸ் அமைப்பு

இங்கே நான்கு விஷயங்களை வைக்க வேண்டும்: ஆன்டி-அலையாசிங், ஹின்டிங் அளவு, சப்பிக்சல் வரிசை, எல்சிடி ஃபில்டர். முதல் மூன்றும் கேடிஇ சிஸ்டம் செட்டிங்ஸ், எக்ஸ்எஃப்சிஇ அப்பியரன்ஸ் ஆகியவற்றில் 'ஃபான்ட்ஸ்' பக்கத்தில் கிடைக்கும். க்னோம் ட்வீக்ஸில் முதல் இரண்டு மட்டும் உண்டு.

ஹின்டிங் என்பது எழுத்தின் கோடுகளைப் புள்ளிக் கட்டங்களோடு ஒட்டவைப்பது. 'ஃபுல்' என்று வைத்தால் கோடுகள் கூர்மையாகும், ஆனால் வடிவம் சிதையும். நேர்க்கோடுகள் நிறைந்த எழுத்துக்கு அது பொருந்தலாம். சுழிகள் நிறைந்த தமிழுக்கு 12 புள்ளிக்குக் கீழே போனால் ண-வின் சுழிகள் அடைபட்டு ன-வோடு குழம்பும். 'ஸ்லைட்' செங்குத்துத் திசையில் மட்டும் ஒட்டவைக்கிறது. எழுத்தின் அகலமும் இடைவெளியும் கெடுவதில்லை. அடர்த்தி குறைந்த திரைக்கு ஸ்லைட், 200% ஸ்கேலிங்குக்கு 'நன்' என்பதே தொடக்கத்துக்கு ஏற்றது.

சப்பிக்சலின் நிறச் சாயலைத் தணிக்கும் எல்சிடி ஃபில்டர் அமைப்பு இந்தப் பக்கங்களில் பெரும்பாலும் தெரியாது. அது இல்லாமல் சப்பிக்சலை மட்டும் ஏற்றினால் நிறச் சாயல் பளிச்சென்று தெரியும். ஹோம் கோப்புறையின் மறைந்த கான்ஃபிக் கோப்புறைக்குள், ஃபான்ட்கான்ஃபிக் (லினக்ஸில் எழுத்துருக்களை நிர்வகிக்கும் தொகுப்பு) என்னும் கோப்புறையில் ஃபான்ட்ஸ் டாட் கான்ஃப் கோப்பை உருவாக்கி, 'எல்சிடி டிஃபால்ட்' என்ற மதிப்பைக் கொடுங்கள். இது எக்ஸ்எம்எல் கோப்பு. ஒரு டேக்கை மூடாமல் விட்டாலும் பிழைச் செய்தி வரும், நீங்கள் எழுதியது நடப்புக்கு வராது.

எழுதியது நடப்புக்கு வந்ததா என்பதை ஊகிக்க வேண்டாம். முனையத்தில் எஃப்சி-மேட்ச் கட்டளையை விரிவான வெளியீட்டுடன் ஓட்டினால் எண்களாகக் காட்டும். ஹின்டிங்கில் 0 நன், 1 ஸ்லைட், 2 மீடியம், 3 ஃபுல். சப்பிக்சல் வரிசையில் 1 சிவப்பு-பச்சை-நீலம், 2 அதன் தலைகீழ், 3-உம் 4-உம் செங்குத்து வரிசைகள், 5 சப்பிக்சல் வேண்டாம் என்பது. ஃபில்டரில் 0 இல்லை, 1 டிஃபால்ட், 2 லைட். சராசரி எல்சிடிக்கு 1, 1, 1 வந்தால் சரி.

பெரிய குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒரே அமைப்பைப் பல இடங்கள் சொல்கின்றன: டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸ் சேவை, எக்ஸ் ரிசோர்சஸ் கோப்பு, ஃபான்ட்கான்ஃபிக். செயலிகளின் இடைமுகத்தை வரையும் ஒவ்வொரு கருவித்தொகுப்பும் ஒவ்வோர் இடத்தை முதலில் கேட்கிறது. ஒன்றில் ஸ்லைட், இன்னொன்றில் ஃபுல் என்றிருந்தால் பக்கத்துப் பக்கத்துச் சாளரங்கள் இரண்டு முகம் காட்டும். மூன்றிலும் ஒரே மதிப்பை வைப்பதுதான் தீர்வு. எது எதை வெல்லும் என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை. இலகுவான விண்டோ மேனேஜரை மட்டும் ஓட்டுபவர்களுக்குச் செட்டிங்ஸ் சேவையே இயங்காது. அதை எக்ஸ்எஃப்சிஇயின் சேவையாலோ எக்ஸ்செட்டிங்ஸ்-டி வழியாகவோ தாங்களே தொடங்க வேண்டும்.

ஜிடிகே 4 என்னும் கருவித்தொகுப்பில் எழுதிய செயலிகள் சப்பிக்சல் தேர்வைப் பொருட்படுத்தாமல் சாம்பல்முறையிலேயே வரையும். தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டப்படும் ஃபிளாட்பேக் செயலிகள் பல உங்கள் ஃபான்ட்கான்ஃபிக் கோப்பைப் பார்ப்பதே இல்லை. அந்தக் கோப்புறையைப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

8. மேக்

மேக்கில் செய்ய வேண்டியது குறைவு. மேக்ஓஎஸ் மொஹாவே முதல், அதாவது 2018 முதல், சப்பிக்சல் முறை இல்லை. ஹின்டிங்கும் கிடையாது. ஆகவே அடர்த்தி குறைந்த வெளித்திரையில் எழுத்து சற்று மென்மையாகத்தான் இருக்கும்.

கையில் இருக்கும் நெம்புகோல் ஸ்கேலிங்தான். 27 அங்குல 4கே திரையை '2560×1440 போல' வைத்தால், கணினி 5120×2880 அளவில் வரைந்து 3840×2160-க்குச் சுருக்குகிறது. அந்தச் சுருக்கத்தில் மெல்லிய கோடுகள் கொஞ்சம் குழையும். ஸ்கிரீன்ஷாட்டில் இது தெரியாது. சுருக்கும் முன் உள்ள படமே அங்கே பதிவாகிறது. '1920×1080 போல' வைத்தால் சரியாக இரண்டு மடங்கு, குழைவே இல்லை. இடமும் கூர்மையும் சேர்ந்து கிடைக்காது.

எழுத்து தேவைக்கு மேல் தடிமனாகத் தெரிந்தால், முனையத்தில் 'ஆப்பிள் ஃபான்ட் ஸ்மூத்திங்' என்னும் டிஃபால்ட்ஸ் மதிப்பை மாற்றலாம். 0 தடிப்பை நீக்கும், 3 மிகத் தடிப்பு. லாக்-அவுட் செய்து வந்தால்தான் எல்லாச் செயலிகளிலும் பிடிக்கும். இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்து வேலை செய்பவர்களுக்கு 0 பெரும்பாலும் பொருந்துகிறது.

9. எழுத்துருவும் அளவும்

பாயின்ட் அளவைப் புள்ளியாக மாற்ற டிபிஐயால் பெருக்கி 72-ஆல் வகுக்க வேண்டும். 96 டிபிஐயில் 9 பாயின்ட் சரியாக 12 புள்ளி, 10.5 என்றால் 14, 12 என்றால் 16. ஆனால் 10 பாயின்ட் 13.33 புள்ளி, 11 பாயின்ட் 14.67. ஹின்டிங் உள்ள சூழலில் பின்னத்தில் நிற்கும் அளவுகள் ஒரு செயலியில் மேலே, இன்னொன்றில் கீழே உருட்டப்படுகின்றன. முழுப் புள்ளியில் விழும் அளவைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. 125% ஸ்கேலிங், அதாவது 120 டிபிஐயில், 9 பாயின்ட் 15 புள்ளி, 12 பாயின்ட் 20. 150%-இல் 9 என்றால் 18, 10 என்றால் 20.

இடைமுக எழுத்துரு லத்தீனாக இருந்து தமிழ் வேறோர் எழுத்துருவிலிருந்து வரும்போது, இரண்டின் கனமும் பொருந்த வேண்டும். விண்டோஸில் நிர்மலா யூஐ, லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், மேக்கில் தமிழ் சங்கம் எம்என் ஆகியவை பாதுகாப்பான தேர்வுகள். 'லைட்', 'தின்' கனங்களைத் தவிருங்கள். ஒரு புள்ளிக்கும் மெல்லிய கோடு எந்த முறையிலும் முழுக் கறுப்பாக விழாது. மெய்யெழுத்தின் புள்ளி சாம்பலாகி மறையும். தமிழுக்கு 14 புள்ளிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே என் கணிப்பு.

10. தனக்கென வழி வைத்திருக்கும் செயலிகள்

இத்தனையும் முடிந்த பிறகு ஒன்றிரண்டு செயலிகள் மட்டும் முரண்டு பிடிக்கும். அவற்றின் உள் அமைப்பைப் பார்க்க இதுதான் நேரம், முன்னதாக அல்ல.

நிரல் எழுதப் பயன்படும் ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களில் 'அப்பியரன்ஸ்' பக்கத்தில் ஆன்டி-அலையாசிங்குக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. ஒன்று இடைமுகத்துக்கு, ஒன்று எடிட்டருக்கு. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறப்பது வழக்கமான சறுக்கல். விஎஸ் கோடில் 'ஃபான்ட் அலையாசிங்' தேர்வு மேக்கில் மட்டுமே பொருந்தும். மற்ற தளங்களில் அதைத் தேடுவது வீண் வேலை.

ஜாவாவின் ஸ்விங் என்னும் இடைமுகத் தொகுப்பில் எழுதிய செயலிகள் லினக்ஸில் செட்டிங்ஸ் சேவையைக் கேட்கின்றன. அது இயங்காவிட்டால் எழுத்து படிக்கட்டாக நிற்கும். ஏழாம் படியில் சொன்னபடி சேவையைத் தொடங்குவது முதல் தீர்வு. முடியாவிட்டால், செயலியைத் தொடங்கும்போது ஜாவாவின் அடிப்படை வரைகலைத் தொகுப்பான ஏடபிள்யூடியின் 'யூஸ் சிஸ்டம் ஏஏ ஃபான்ட் செட்டிங்ஸ்' பண்புக்கு 'ஆன்' அல்லது 'எல்சிடி' கொடுங்கள். ஜாவா 8-இல் ஓடும் செயலி விண்டோஸில் மங்கினால் ஜாவா 9 அல்லது அதற்குப் பிந்தையதில் ஓட்டிப் பாருங்கள். உயர் அடர்த்தித் திரைக்கான ஆதரவு அதில்தான் வந்தது.

11. இடைமுகம் எழுதுபவர்களுக்கு

பயனர் எல்லாம் சரியாக வைத்தும் உங்கள் செயலி மட்டும் தவறாகத் தெரிந்தால், பொறுப்பு உங்களுடையது.

ஸ்விங்கில் தயார்நிலைக் கூறுகள் டெஸ்க்டாப் அமைப்பைத் தாமே பின்பற்றும். ஆனால் நீங்களே வரையும் கூறுகளில் எதுவும் தானாக வராது. டூல்கிட்டிலிருந்து 'டெஸ்க்டாப் ஹின்ட்ஸ்' தொகுப்பை வாங்கி, அது வெறுமையாக இல்லை என்று பார்த்து, கிராஃபிக்ஸ் பொருளில் சேர்த்த பிறகே எழுத்தை வரையுங்கள். எல்சிடி மதிப்பை நேரடியாக எழுதிவைக்காதீர்கள். ஓஎல்இடி பயனரின் கண்ணை அது கெடுக்கும். மேலே சொன்ன பண்பை நிரலுக்குள் வைப்பதானால், முதல் சாளரம் உருவாவதற்கு முன்பே வைக்க வேண்டும். பிறகு வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

டபிள்யூபிஎஃப்-இல் சின்ன எழுத்துக்கு 'டெக்ஸ்ட் ஃபார்மேட்டிங் மோட்' மதிப்பை 'டிஸ்பிளே' என்று வைத்து, 'லேஅவுட் ரவுண்டிங்' இயக்குங்கள். இயல்பான 'ஐடியல்' எழுத்தைப் புள்ளிகளுக்கு நடுவிலும் நிறுத்தும். பெரிதாக்கும், சுழற்றும் அசைவுகளுக்கு அதுவே நல்லது. கியூடி குவிக்கில் 'ரெண்டர் டைப்' மதிப்பை நிலையான சின்ன எழுத்துக்கு 'நேட்டிவ்' ஆக்குங்கள். அசையும் எழுத்துக்கு இயல்பானதையே விடுங்கள். விண்டோஸ் செயலியின் மேனிஃபெஸ்டில் 'பெர் மானிட்டர் வி2' என்று அறிவித்தால் நான்காம் படியின் பாதித் தொல்லை பயனருக்கு வராது. ஆனால் அறிவித்துவிட்டு, ஸ்கேலிங் மாறும் செய்தியைக் கையாளாமல் விட்டால் சாளரம் அரைகுறையாக வளரும்.

எல்லாத் தொகுப்புகளுக்கும் பொதுவான பொறி ஒன்று உண்டு. ஒளிபுகும் பின்னணியில் தனி அடுக்காக வரையப்படும் எழுத்துக்குச் சப்பிக்சல் கிடைக்காது. எந்த நிறத்தின் மேல் விழப்போகிறோம் என்று தெரியாததால் சாம்பலுக்கு இறங்கிவிடும். மெனு விரியும்போது எழுத்து கணநேரம் மெலிந்து தடிப்பதற்கு இதுவே காரணம். எழுத்துக்குப் பின்னால் முழு நிறப் பின்னணி ஒன்றைக் கொடுத்தால் நின்றுவிடும்.

12. தொலைநிலை இணைப்பு

ரிமோட் டெஸ்க்டாப்பில் எழுத்து படிக்கட்டாக வந்தால், இணைக்கும் சாளரத்தின் 'எக்ஸ்பீரியன்ஸ்' பக்கத்தில் 'ஃபான்ட் ஸ்மூத்திங்' பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். வேகம் குறைந்த இணைப்பு என்று குறித்திருந்தால் அது காலியாக இருக்கும். படமாகச் சுருக்கி அனுப்பும் தொலைநிலைக் கருவிகளில், அந்தப் பக்கக் கணினியில் சாம்பல்முறையை வைப்பதே நல்லது. சப்பிக்சலின் நிற ஓரங்களைப் படச் சுருக்கம் குழப்பிவிடும். இந்தப் பக்கத் திரையின் பட்டை வரிசையும் அந்தக் கணினிக்குத் தெரியாது. சாளரத்தை 100% அளவிலேயே பாருங்கள். திரைக்கு ஏற்பச் சுருக்கும் வசதி இயங்கினால் இரண்டாம் படியில் சொன்ன இழுபடம் மறுபடி வந்துவிடும்.